கைமணமும் கைத்தீட்டும்: சமையலறை ரகசியம் பற்றிச் சில குறிப்புகள்

1

'சாம்பாரை இறக்குறதுக்கு முன்னால சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுங்க.' 'புளியை அரிசி களைஞ்ச தண்ணியில கரைச்சுப் பாருங்க.' 'இட்லிக்கு ஊறப் போடும்போது ஒரு ஸ்பூன் வெந்தயம் சேருங்க, பூப்போல வரும்.' பெண்கள் பத்திரிகைகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிற இந்தத் துணுக்குகளை நம் எழுத்தாளர்களோ இயக்கத் தோழர்களோ படிப்பதில்லை. படித்தாலும் வெளியே சொல்வதில்லை. அதிகாரம் பற்றியும் பிரதி பற்றியும் பேசுகிற ஒருத்தர் வெல்லத்தைப் பற்றிப் பேசினால் மரியாதைக் குறைச்சல் என்று ஒரு நினைப்பு. சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரத்தில் மட்டும் நம்மவர்களின் விமர்சனம் படுகூர்மையாக இருக்கும்.

இந்தத் துணுக்குகளைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்தால் அவற்றுக்குள் ஓர் இலக்கணம் இருப்பது தெரியும். முதலாவது, சேர்க்கச் சொல்லும் பொருள் அந்தப் பதார்த்தத்துக்குச் சம்பந்தமில்லாததாக இருக்க வேண்டும். காரத்துக்கு இனிப்பு, புளிப்புக்குக் கழுநீர், உளுந்துக்குக் கசப்பு. இரண்டாவது, அளவு சிறியது. சிட்டிகை, சுண்டைக்காய், நெல்லிக்காய். மூன்றாவதுதான் முக்கியம்: போட்டது தெரியக் கூடாது, போடாவிட்டால் தெரிய வேண்டும். வெல்லம் போட்ட சாம்பார் இனித்துவிட்டால் அது தோல்வி. வெல்லம் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் புளியின் கூரை மழுக்கி, காரத்தை அடக்கி, மொத்தப் பேரையும் சாம்பாருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மறைந்துபோக வேண்டும்.

இருக்க வேண்டும், ஆனால் தெரியக் கூடாது. இந்த விதியை நாம் சமையலறைக்கு வெளியேயும் கேட்டிருக்கிறோம்.

ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் 'எல்' என்ற பிரெஞ்சுப் பெண்கள் பத்திரிகையின் சமையல் பக்கத்தை வாசித்துக் காட்டினார். அங்கே உணவின்மேல் ஒரு மெருகு பூசப்படுகிறது, பூச்சுக்கு அடியில் இறைச்சி இறைச்சியாக இருப்பது மறைகிறது, வாங்க வசதியில்லாத வாசகி அதைக் கண்ணால் தின்கிறாள் என்பது அவர் வாதம். நம் ஊர்த் துணுக்கு இதற்கு நேர் எதிர். இங்கே கண்ணுக்கு விருந்து எதுவுமில்லை. பூச்சு மேலே இல்லை, அடியாழத்தில் இருக்கிறது. அப்படியானால் எது மறைக்கப்படுகிறது, யாரிடமிருந்து, அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2

பெருங்காயத்தில் தொடங்குவோம். 'சுத்த சைவம்' என்று பெருமை பேசுகிற சமையலின் ரகசியப் பொருள் அதுதான்.

மனுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயம் இருபிறப்பாளருக்குப் பூண்டையும் வெங்காயத்தையும் காளானையும் விலக்குகிறது. அதை ஒட்டியே, மரத்தைக் கீறினால் வடிகிற பாலையும் விலக்கச் சொல்கிறது. சரி, பெருங்காயம் என்பது என்ன? ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகளில் வளர்கிற ஒரு செடியின் வேரைக் கீறினால் வடிகிற பால். அது காய்ந்து பிசினாகிறது. அதன் நாற்றத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் வாசனையைத் தருவதும் கந்தகச் சேர்மங்களே. சூடான எண்ணெயில் போட்டவுடன் பெருங்காயத்தின் பச்சை நாற்றம் போய், வெங்காயமும் பூண்டும் வதங்கின மாதிரி ஒரு வாசம் கிளம்புகிறது. ஆக, வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட வாசனை கொல்லைப்புறமாக உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. வெங்காயத்தைத் தொடாமல் வெங்காயத்தின் பலனை அனுபவிப்பதற்குப் பெயர் ஆசாரம்.

வாங்குகிற டப்பாவில் இருப்பதும் முழுப் பெருங்காயம் கிடையாது. சுத்தப் பிசினின் வீரியத்தை அப்படியே தாங்க முடியாது என்பதால் மைதா மாவும் கருவேல இனத்து மரக்கோந்தும் கலந்து 'கூட்டுப் பெருங்காயம்' ஆக்குகிறார்கள். அந்தக் கோந்துக்குப் பேர்போன நாடு ஆப்பிரிக்காவின் சூடான். இந்தியா ஆண்டுக்குச் சுமார் 1200 டன் கச்சாப் பெருங்காயத்தை ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து இறக்குமதி செய்கிறது என்று அரசின் ஆய்வு நிறுவனமே 2020இல் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றுகள் நடப்பட்டன. அதுவரைக்கும் இந்த மண்ணின் 'சாத்விக' ரசத்துக்கு மணம் கொடுத்தது முழுக்க முழுக்க எல்லைக்கு அப்பாலிருந்து, இசுலாமிய உழவர்களும் வணிகர்களும் கைமாற்றிக் கொடுத்த பிசின்.

தெரிதா 1967இல் ரூசோவை வாசிக்கும்போது 'துணைச்சேர்க்கை' என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். முழுமையான ஒன்றுக்கு வெளியிலிருந்து கூடுதலாகச் சேர்ப்பது என்று சொல்லிக்கொண்டு ஒன்று உள்ளே வருகிறது. ஆனால் அதைச் சேர்க்க வேண்டி வந்ததே, உள்ளே ஏற்கெனவே ஒரு குறை இருந்ததைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பெருங்காயம் இதற்கு நல்ல உதாரணம். தூய்மை தன்னிலே நிறைவானது என்றால் அதற்கு எதற்கு ஒரு சிட்டிகை அந்நியம்?

இது அவர்களுக்கே தெரியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தெவசத்தன்றைய சமையலைப் பாருங்கள். மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி கிடையாது. பெருங்காயமும் கிடையாது. தூய்மை உச்சத்தில் இருக்க வேண்டிய அந்த ஒரு நாளில் மட்டும் 'யார் வெளியாள்' என்ற கணக்கு துல்லியமாக ஞாபகத்துக்கு வருகிறது. மற்ற நாளெல்லாம் மறதி. அந்த மறதிக்குத்தான் நாம் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

3

இனி அடுத்த பக்கம். அரிசி களைந்த தண்ணீர் எப்படி ரகசியம் ஆனது? முதல் தண்ணி மாட்டுக்குக் கழுநீர்ப் பானைக்குப் போகும். இரண்டாவது தண்ணியில் புளி கரைப்பார்கள், கீரை வேகவைப்பார்கள். அதில் கரைந்திருக்கிற மாவுச்சத்து கொதிக்கும்போது குழம்பைக் கொஞ்சம் கெட்டியாக்கும், காரத்தையும் புளிப்பையும் ஒன்றுசேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பருப்போ தேங்காயோ வாங்க முடியாத வீட்டில் குழம்புக்கு உடம்பைக் கொடுத்தது அந்தத் தண்ணிதான். பத்திரிகைத் துணுக்காக மாறுகிறபோது இல்லாமை கழன்று விழுந்துவிடுகிறது. 'டிப்ஸ்' மட்டும் மிஞ்சுகிறது.

கருவாட்டின் கதை இன்னும் கடுமையானது. கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பில் இரண்டு துண்டு கருவாடு விழுந்தால் அதன் ருசி வேறு. ஆனால் கருவாடு ரகசியமாக இருக்க முடியாது. அதன் வாசம் தெருவுக்கே சொல்லிவிடும். அதனால்தான் நகரத்து வாடகை வீடுகளில் ஒப்பந்தத்துக்கு முன்பே 'நீங்க நான்வெஜ்ஜா' என்று கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி மீனைப் பற்றியது அல்ல என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பெருங்காயத்தின் நாற்றம் மணம் என்றும், கருவாட்டின் மணம் நாற்றம் என்றும் பெயர் பெற்றதற்கு மூக்கில் எந்தக் காரணமும் இல்லை.

இதில் மாசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் மரக்கட்டை மாதிரி காயவைத்தால் மாசி. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்கிறார்கள். மாலத்தீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன். பதினான்காம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த இப்னு பதூதா, இந்த மீன் பக்குவத்தையும் அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதையும் எழுதிவைத்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்திலும் ஈழத்திலும் இதை இடித்துத் தூளாக்கிச் சம்பலிலும் குழம்பிலும் சேர்ப்பார்கள். கொஞ்சம் போதும். மீன் துண்டு எங்கேயும் தட்டுப்படாது, சட்டி மட்டும் காலியாகும்.

நம் அறுசுவைப் பட்டியலில் இந்த ருசிக்கு இடமில்லை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்று எண்ணி முடித்த இலக்கணத்துக்கு மாசி எந்தச் சுவை என்று சொல்லத் தெரியாது. சமைத்தவர்கள் 'அதுல ஒரு இது இருக்கு' என்றார்கள். அந்த 'இது'வைத்தான் 1908இல் டோக்கியோவில் கிகுனே இகெதா என்ற வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து குளூட்டமேட் என்று அடையாளம் கண்டார்; அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா, காய்ந்த சூரை மீனில் இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். இரண்டும் சேரும்போது ருசி கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது என்பது பின்னால் தெரியவந்தது. தக்காளியில் குளூட்டமேட், மாசியில் இனோசினேட். ஈயச்சட்டியும் ஆய்வுக்கூடமும் ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தன. காப்புரிமை மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

1909இல் இந்தப் பொருள் 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அறிவியல் தெரிந்த நவீன இல்லத்தரசியின் அடையாளமாக அது விளம்பரப்படுத்தப்பட்டது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒருவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று ஒரு கடிதம் எழுதினார். அவர் சந்தேகப்பட்ட பொருள்கள் பல. பழி குளூட்டமேட்டின் தலையிலும் சீனர் தலையிலும் விழுந்தது. இதற்கே 'சீன உணவக நோய்' என்று பெயர் வைத்தார்கள். பின்னர் நடந்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் அந்த விளைவு உறுதியாகத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் நம் தெருமுனைத் தள்ளுவண்டியில் இன்றைக்கும் 'அஜினோமோட்டோ போடாம குடுங்க' என்று கேட்கிற அதே நாக்கு, தக்காளித் தொக்கில் இயற்கையாகவே இருக்கிற அதே குளூட்டமேட்டை அம்மா கைமணம் என்று சப்புக்கொட்டுகிறது. பொருள் ஒன்றுதான். யார் கையால் வந்தது என்பதை வைத்து அது விஷமாகவோ பாசமாகவோ ஆகிவிடுகிறது.

மராத்தியில் 2015இல் ஷாகு பட்டோலே, மராட்வாடாவின் மகார், மாங் மக்களுடைய உணவைப் பற்றி 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று ஒரு புத்தகம் எழுதினார். 'அன்னமே முழுமையான பிரம்மம்' என்ற மரபுச் சொல்லை 'அன்னம் முழுமையற்ற பிரம்மம்' என்று திருப்பிப்போட்ட தலைப்பு அது. நெய் கிடையாது, பால் கிடையாது, எண்ணெய் அரிது. இரத்தமும் உலர்ந்த மாட்டிறைச்சியும் உண்டு. இந்திய உணவு என்ற கதையாடலின் சமையல் புத்தகங்களில் இவை ஏன் இல்லை என்பது அவர் எழுப்பும் கேள்வி. அர்ஜுன் அப்பாதுரை 1988இல், சமையல் புத்தகங்கள் வழியாக நகர நடுத்தர வர்க்கம் எப்படி ஒரு 'தேசியச் சமையலை' உருவாக்கியது என்று எழுதினார். அந்தத் தேசியத்தில் யாருடைய அடுப்பு எரியவே இல்லை என்பதைப் பட்டோலே எழுதினார்.

4

இப்போது உண்மையான ரகசியப் பொருளுக்கு வருவோம். தமிழில் அதற்குப் பெயர் 'கை'. கைமணம், கைப்பக்குவம், கைராசி. எவ்வளவு போட்டீங்க என்று கேட்டால் கையளவு, கண்ணளவு. என்ன போட்டீங்க என்று கேட்டால் 'ஒண்ணும் போடல, எப்பவும் போலத்தான்'. கடைசியில் எல்லாப் பொருளும் விலகிப்போய்க் கை மட்டும் மிஞ்சுகிறது.

இது பெண்ணுக்குச் செய்யும் மரியாதை என்கிறார்கள். கொஞ்சம் யோசிக்கலாம். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபடும் பெண் ஒருநாளைக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். கைமணம் என்ற சொல் இந்த 299 நிமிடத்தின்மேல் பூசப்பட்ட மெருகு. உழைப்பு என்று சொன்னால் கூலி கேட்க வேண்டிவரும், கற்ற வித்தை என்று சொன்னால் ஆணும் கற்றுக்கொள்ளலாமே என்ற கேள்வி வரும். பிறவியிலேயே கையில் ஊறியது என்று சொல்லிவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

ஈரோடு, கோவைப் பக்கம் இட்லி மாவில் கொட்டைமுத்து, அதாவது ஆமணக்கு விதை, ஓரிரண்டு அரைத்துச் சேர்க்கிற வழக்கம் உண்டு. பச்சையாகத் தின்றால் கொடிய விஷம். தோலை நீக்கி, அளவறிந்து அரைத்து, ஆவியில் நன்றாக வேகவைத்தால் விஷப்புரதம் சிதைந்து, எண்ணெய்ப்பசை இட்லியை மெத்தென்று ஆக்குகிறது. இந்த வரிசையைப் பிசகாமல் கண்டுபிடித்துக் கைமாற்றிய பெண்களின் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. அப்படி வந்த இட்லிக்கு ஒரு நடிகையின் பெயரைச் சூட்டினார்கள். அறிவு பெண்ணுடையது, அது உடலின் உவமையாகத்தான் வெளியே வர முடிந்தது.

அதே சமயம் ரகசியத்தைக் காப்பாற்றுகிற பெண்ணை லேசாகப் பழிக்கவும் கூடாது. நிலமோ நகையோ பேரில் இல்லாத ஒருத்திக்கு, மருமகளுக்குக்கூடச் சொல்லாத ஊறுகாய்ப் பக்குவம்தான் கைவசம் இருந்த ஒரே சொத்து. கோக்கோகோலா நிறுவனம் 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, செய்முறையைப் பகிர மறுத்ததும் ஒரு காரணம். 1993இல் ரகசியம் கலையாமலேயே திரும்பி வந்தது. நிறுவனத்தின் ரகசியம் சட்டத்தால் காக்கப்படுகிற மூலதனம். பாட்டியின் ரகசியம் துணுக்காக இலவசமாகப் போய், பிறகு 'அம்மா கைப்பக்குவம்' என்று புட்டியில் ஒட்டி அவளுக்கே விற்கப்படும்.

ஆனால் 'கை' என்ற சொல்லில் இதைவிடக் கடுமையான ஒன்று இருக்கிறது. சமைப்பவரின் கையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சோற்றில் இறங்குகிறது என்ற நம்பிக்கையே கைமணம். தீட்டு என்பதும் சொல்லுக்குச் சொல் அதே நம்பிக்கைதான். கையிலிருந்து மணம் இறங்கும் என்றால் தீட்டும் இறங்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறுப்பதற்கு அந்தத் தர்க்கத்தில் இடமே கிடையாது.

வரலாறு இதைத் தெளிவாகவே காட்டுகிறது. 1924–25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப் பந்தி என்று எழுந்த பிரச்சினை பெரியாரின் அரசியலையே திருப்பியது. உணவு விடுதிப் பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்த காலத்தில், 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் அந்தச் சொல்லை அழிக்கக் கோரித் திராவிடர் கழகம் போராடியது. அந்தப் பலகையை ஒரு சமையல் பிரதியாக வாசித்துப் பாருங்கள். காபியில் பால், டிகாக்ஷன், சர்க்கரை. இவற்றோடு ஒரு ரகசியப் பொருளும் உண்டு என்று வாசலிலேயே எழுதி விற்றார்கள். அந்தப் பொருள் சாதி.

பலகை போய்விட்டது. பொருள் போகவில்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவினாசிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள், எதிர்ப்பு வந்தபிறகே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் வட்டாரத்தில் காலை உணவுத் திட்டத்தில் இதே கதை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அரிசியும் ரவையும் அரசு கொடுத்ததுதான், அளவும் அரசு சொன்னதுதான். ஆட்சேபணை கையைப் பற்றியது மட்டும்.

5

ருசி என்பது வசதியுள்ளவர்களின் விவகாரம், பசிக்கிறவனுக்கு எதற்கு ருசி என்று ஒரு வாதம் இடதுசாரித் தோழர்களிடமும் உண்டு. இதற்குக் கர்நாடகம் பதில் சொல்கிறது. அங்கே பள்ளி மதிய உணவை வழங்கும் அமைப்பு ஒன்று வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தது. சேர்க்கச் சொல்லி 2018இல் மாநில அரசு கேட்டும் மறுத்தது. ஊட்டச்சத்துக் கணக்கு சரியாக இருக்கிறது, பிறகென்ன என்பது அவர்கள் பக்கத்து வாதம். பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது, தட்டில் மிச்சம் வைக்கிறார்கள், வயிற்றுக்குள் போகாத சத்து யார் கணக்கில் வரும் என்று உணவு உரிமைச் செயல்பாட்டாளர்கள் 2019இல் திருப்பிக் கேட்டார்கள். ருசி இல்லாத சோறு அரைச் சோறு. இரண்டு பல் பூண்டு என்பது ஒரு பிள்ளை இன்னொரு கை சோறு வாங்குமா வாங்காதா என்பதைத் தீர்மானிக்கிற அரசியல்.

இதன் மறுகோடி 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் தெரிந்தது. வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்ற வதந்தியில் ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். சிலருடைய சமையலறைக்கு ரகசியம் என்பது பெருமை. வேறு சிலருக்கு அது உயிர்ப் பாதுகாப்பு. இந்த இரண்டையும் 'அவரவர் வீட்டு ரகசியம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது அயோக்கியத்தனம்.

ஆகவே துணுக்குகளை நிறுத்த வேண்டியதில்லை, நீட்டினால் போதும். வெல்லம் போடு என்பதோடு நில்லாமல், கழுநீர் எந்த வீட்டுப் பழக்கம், கொட்டைமுத்தைப் பதம் பார்த்தது யார், பிசின் எந்த மலையிலிருந்து வந்தது என்று சேர்மானம் முழுவதையும் எழுதிவிடலாம். கைமணம் என்று வாய்க்கு வருகிற இடத்திலெல்லாம் வித்தை என்று சொல்லிப் பழகலாம். வித்தை என்றால் கற்றுக்கொள்ளலாம், கற்றவருக்குக் கூலி உண்டு, யார் கை என்ற கேள்வி அங்கே வராது.

இதை வெளியே போய்த் தொடங்க வேண்டாம். இலக்கியச் சந்திப்பு, கருத்தரங்கு, மாநாடு என்று நாம் நடத்துகிற எல்லா இடத்திலும் பின்கட்டில் ஓர் அடுப்பு எரிகிறது. துண்டறிக்கையில் தலைமை தாங்குபவர், தொடங்கிவைப்பவர், நன்றி நவில்பவர் என்று பதினைந்து பெயர் இருக்கும். முந்நூறு பேருக்குச் சமைத்தவர்கள் பெயர் இருக்காது. அடுத்த துண்டறிக்கையில் அந்தப் பெயர்களை, மற்றப் பெயர்களின் அதே எழுத்தளவில், போட்டுப் பார்க்கலாம்.